பூச்சியே இல்லாத கறிவேப்பிலை மரம்

வீட்டுத் தோட்டங்களில் பூச்சி பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! உங்களுக்குச் சீருடை இருக்கிறது, முகமூடி இருக்கிறது, இலையைப் படம் பிடித்துக் காட்டினால் நோயின் பெயரைச் சொல்லும் கைப்பேசியும் இருக்கிறது. என் காலத்தில் இவை எதுவும் கிடையாது. கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பால்மரம் சீவினேன். முதலாளிமார் தோட்டத்தை விற்று அங்கே வீடு கட்ட ஆரம்பித்ததும், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குப் போனேன். பிறகு கேமரன் மலையில் கோசுக்கு மருந்தடித்தேன், சிங்கப்பூரில் புல் வெட்டினேன், லாரியில் கிளீனராக ஊர் ஊராகச் சுற்றினேன். எந்த இடத்திலும் கால் தரிக்கவில்லை. கடைசியில் ஈப்போவில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் முதுகில் மாட்டும் பம்பும் வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் வீட்டு வாசலில் செடி பார்த்தே வயதாகிவிட்டது. இப்போது முதுகு குனிய மறுக்கிறது. வேலையை நிறுத்திவிட்டேன்.

எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் டின்னின் மேலேயே எழுதியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். அதை நான் சொல்லப்போவதில்லை.

காட்டை விட வீட்டுத் தோட்டம் ஆபத்து குறைந்தது என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். காட்டில் பாம்பு பார்த்தேன், பன்றி பார்த்தேன், மருந்து வாடை தாங்காமல் மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆனால் என்னை உலுக்கிப்போட்டதெல்லாம் பூந்தொட்டிகளுக்கு நடுவேதான் நடந்தது. ரோஜாவில் அசுவினி ஏறிவிட்டது என்று கரப்பான் மருந்தைப் பீய்ச்சிவிட்டு, அதே பூவைப் பறித்துக் குழந்தையின் தலையில் வைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வீட்டில் வெயிலுக்குத் தண்ணீர் கேட்டேன். வீட்டுக்காரர் சமையல் மேடையிலிருந்து எடுத்து நீட்டிய சிரப்புப் போத்தலில் இருந்தது களைக்கொல்லி. தப்பான போத்தல் என்று அவரே கடைசி நொடியில் பார்த்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. மாமன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தார், ஊற்றிவைக்க வேறு போத்தல் இல்லை, அவ்வளவுதான்.

செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் மருந்தின் மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நீங்கள் குறைத்து எடைபோடாதீர்கள். கடையில் விற்பது தண்ணீர், தோட்டத்து மருந்துதான் மருந்து என்பார்கள். அந்த நம்பிக்கை ஒரு தெருவையே எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருடம். ஈப்போவின் புந்தோங்கில் சரோஜா அக்கா வீடு. தொழிற்சாலை கேண்டீனில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, மகள் கோலாலம்பூரில். முன்வாசலில் நாலு செம்பருத்தி, ஒரு மல்லிகைப் பந்தல், கேட்டை ஒட்டி ஒரு கறிவேப்பிலை மரம். மரத்தின் பாதிக் கிளை சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். நம்மவர்கள் வாழும் தெருவில் கேட்டோரத்துக் கறிவேப்பிலை யாருடையது என்று உங்களுக்கே தெரியும். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு கொத்து ஒடித்துக்கொள்வார்கள். கேட்க மாட்டார்கள். கேட்டால்தான் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"அண்ணே, பாருங்கண்ணே, மாவு கொட்டின மாதிரி அப்பிக் கெடக்கு. இதையும் நம்ம கறிவேப்பில மாதிரி ஆக்கிக் குடுத்திடுங்க."

அப்போதுதான் மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். முந்தைய மாதம் அதே மரத்தைப் பார்த்திருந்தேன். நுனியெல்லாம் சுருண்டு, பிசுபிசுவென்று, பச்சைப் புழு இலையைக் காம்பு வரைக்கும் தின்றுகொண்டிருந்தது. சோப்புத் தண்ணீர் அடித்து, நுனியை வெட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், புதுத் தளிர் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

இப்போது இலை எண்ணெய் தடவின மாதிரி மின்னியது. ஒரு ஓட்டை இல்லை. ஒரு சுருக்கம் இல்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏதோ சரியில்லை என்றுதான் பட்டது. காரணம் உடனே புரியவில்லை. கிட்டப் போய் நின்ற பிறகுதான் புரிந்தது. மரத்தில் ஒரு எறும்புகூட இல்லை. ஈப்போவில், மழைக்கு முந்தின புழுக்கத்தில், மண்ணில் நிற்கும் மரத்தில் எறும்பு இல்லாமல் இருக்குமா? சிலந்தி இல்லை, கொசு இல்லை. மரத்தடியில் பெருக்கிக் குவித்திருந்த சருகில் செத்த புழுக்களும் செத்த எறும்புகளும் கறுப்பாகக் கிடந்தன.

நோயைத் தேடுவதற்குத்தான் நமக்குப் பழக்கம். ஒன்றுமே இல்லாத மரத்தைக் கண்டால் அதைவிட அதிகமாகப் பயப்படுங்கள்.

குனிந்து பார்த்தேன். முழங்கால் உயரத்தில் மரத்தில் ஒரு துளை. அதன் வாயில் களிமண் அடைத்திருந்தது.

செம்பனைக் காட்டில் வேலை செய்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பனையோலையைப் புழு தின்ன ஆரம்பித்தால் அவ்வளவு உயரத்துக்குப் பம்பு எட்டாது. அதனால் அடிமரத்தில் துளை போட்டு மருந்தை ஊற்றி மண்ணால் அடைத்துவிடுவார்கள். மரம் அதைக் குடித்து ஓலை வரைக்கும் கொண்டுபோய்விடும். ஓலையைத் தின்கிற புழு கொத்துக் கொத்தாக விழும். அந்த மருந்து கையில் பட்டாலே ஆபத்து. வீட்டுப் பக்கம் கொண்டுவரக்கூடாது என்று எங்களை மேய்க்கும் மண்டோர் கத்திக்கொண்டே இருப்பார்.

"அக்கா, இது யார் பண்ணது?"

"நம்ம தம்பி முருகன்தாண்ணே." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பாகான் டத்தோவுல செம்பனைக்கு ஊசி போடறான்ல, போன ஞாயித்துக்கெழம சாப்பிட வந்தான். நான் பேச்சோட பேச்சா சொன்னேன், இப்பிடிப் புழுவா கெடக்குடான்னு. மத்தியானமே வண்டியிலேர்ந்து மருந்த எடுத்து, தொளையப் போட்டு ஊத்திட்டான். ரெண்டே நாளு, பொத்துப் பொத்துன்னு விழுந்துச்சு!"

"எவ்வளவு ஊத்தினாரு?"

"அங்க மரத்துக்கு ஊத்தற அளவுதான். கூடல்லாம் ஊத்தல."

அங்கே மரம் என்பது மாடி உயரம், கட்டிப்பிடித்தால் கை எட்டாது. இந்த மரம் என் முன்கை பருமன்.

"எலையப் பறிச்சீங்களா?"

"நான் தொடலண்ணே. மொத எல சாமிக்குன்னு வச்சிருந்தேன். இன்னிக்குக் காலையிலதான் ஒடிச்சி, ரெண்டு பெரிய கட்டா கோயிலுக்குக் குடுத்தேன்லா. இன்னிக்கு அன்னதானம்."

என் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பு என்று அவருக்குப் பட்டது. கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "என்னாண்ணே?" என்றார். "என்னா? சொல்லுங்கண்ணே!"

"அது ராச்சூன்க்கா, நஞ்சு. எலைக்குள்ள இருக்கு. கழுவினாலும் போவாது."

கோயில் சமையலறைக்கு அவர் போன் அடித்தார். எடுப்பார் இல்லை. பாத்திரச் சத்தத்தில் யார் காதில் விழும்? அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டாரை விரட்டினேன். போகும் வழியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு காதருகில் சொன்னார்: "அண்ணே, எல கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எம் பேரு வேணாம். போன மாசம் எலையில புழு இருந்துச்சுன்னு, கறிவேப்பிலையோட கறியும் சேத்து அனுப்புறீங்களாக்கான்னு அடுப்படியில அத்தன பேரும் சிரிச்சாங்க. அந்த ரோசத்துலதான் தம்பிகிட்ட சொன்னேன். இப்ப இதுவும் தெரிஞ்சா நான் எப்பிடி அந்தப் பக்கம் போவேன்?"

நான் மோட்டாரை இன்னும் முறுக்கினேன். சோறு போட ஆரம்பித்துவிட்டார்களா என்பது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

ஆரம்பிக்கவில்லை. பூஜை முடியவில்லை. ஆனால் மண்டபத்தில் வாழையிலை போட்டாகிவிட்டது. சனம் வரிசையாக உட்கார்ந்துவிட்டது. சமையலறையில் கோவிந்தன் தலைமையில் வேலை நடந்துகொண்டிருந்தது. பகலில் லாரி ஓட்டுகிறவர், வெள்ளிக்கிழமையானால் கோயில் அடுப்புதான் அவருக்கு உலகம். பெரிய சட்டிகளில் சாம்பாரும் கூட்டும் இறக்கி வைத்திருந்தார்கள். இரண்டிலும் மேலே பச்சையாக மிதந்தது அந்த இலை.

"கோவிந்தன் அண்ணே, இத யாருக்கும் போடாதீங்க. கறிவேப்பிலையில மருந்து ஏறியிருக்கு."

"என்னா மருந்து?"

"செம்பனைக்கு ஊசி போடற மருந்து."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு, பூச்சிக்கு மருந்தடிக்கிறவருதானே? போன வருசம் கோயில் அரச மரத்துக்கு அடிச்சீங்களே, அப்ப நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்?"

"அது வேற, இது வேற."

"கறிவேப்பிலைய யாருண்ணே திங்கறா? எல்லாரும் எலை ஓரத்துல ஒதுக்கித்தானே வைக்கிறான்!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சாம்பாரும் இல்ல, கூட்டும் இல்லன்னா, வெறுஞ்சோறும் பாயசமும் போட்டு அனுப்பவா? சனம் என்னையத்தான் தாளிக்கும்."

"நிச்சயமா செத்துருவாங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல," என்றார் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒருவர்.

தம்பிமார்களே, இந்தக் கேள்வியை உங்களிடமும் ஒருநாள் யாராவது கேட்பார்கள். அவ்வளவு பெரிய சட்டியில் எவ்வளவு மருந்து கலந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே ஆகாமலும் போகலாம். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஆமாம், எல்லாரும் சாவீர்கள் என்று கத்தினால் வேலை முடிந்துவிடும். ஆனால் பொய்யை எவனாவது ஒருவன் பிடித்துவிட்டால் அதன் பிறகு உண்மையையும் நம்ப மாட்டான். "தெரியாது," என்றேன். "எனக்குத் தெரியாது. தெரியாததுனாலதான் வேணாங்கறேன். ஆசுபத்திரியில இருக்கறவங்களுக்கும் தெரியாது. சாப்பிட்டு முடிச்ச பொறவுதான் தெரியும்."

கோவிந்தனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. மீதிக் கட்டிலிருந்து ஒரு கொத்தை உருவினார். "இந்தா பாரு, நானே திங்கறேன்லா, எனக்கு என்னா ஆவுதுன்னு..." என்று வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் தட்டிவிடுவதற்குள் சரோஜா அக்கா தட்டிவிட்டார். சத்தம் கேட்கிற அளவுக்கு அடி. அடுப்படி முழுக்க நின்றுபோனது.

"அது என் மரத்து எல," என்றார். "என் தம்பிதான் மருந்து வச்சான். நான் சொல்லித்தான் வச்சான். நீங்க சிரிச்சீங்கன்னுதான் சொன்னேன். தின்னாதீங்கண்ணே."

கோவிந்தன் தன் கையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு சாம்பாரைப் பார்த்தார். உப்புப் பொட்டலத்தை எடுத்துச் சாம்பாரில் அப்படியே கொட்டினார். கூட்டிலும் கொட்டினார். இனி யாரும் தவறிக்கூட அள்ளிப் பரிமாற முடியாது. அவரிடம் நான் கற்றது அது. என்னால் அவ்வளவு வேகமாக யோசித்திருக்க முடியாது.

அதோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன். சுவரில் சாய்ந்துகூட உட்கார்ந்துவிட்டேன். சரோஜா அக்காதான் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, அப்ப ரோட்டுல நின்னு ஒடிச்சிக்கிட்டுப் போனவங்க?"

எனக்கு அது தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தக் கேட்டு வழியாக எத்தனை பேர் போயிருப்பார்கள்? யார் யார் ஒடித்தார்கள் என்று அவருக்கும் தெரியாது. எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? பேரைச் சொல்லாமல் எந்த மரம் என்று எப்படிச் சொல்வது?

அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். தேவாரம் பாடிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"நான் சரோஜா. பெரிய கேட்டு வீடு, வாசல்ல கறிவேப்பில மரம் இருக்கும். அந்த மரத்துல நஞ்சு ஏறியிருக்கு. இந்த வாரம் அதுல யாரு பறிச்சிருந்தாலும் சமைக்காதீங்க. சமைச்சத எடுத்துக் கொட்டிடுங்க. தின்னவங்க இருந்தா எந்திரிச்சி வாங்க. நான் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. முதலில் ஒரு கிழவி எழுந்தாள். பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிறகு இங்கொருவர் அங்கொருவராக எழுந்துகொண்டே இருந்தார்கள். ஒரு மரத்திலிருந்தா இத்தனை வீட்டு அடுப்புக்குப் போனது? "நான் ரசத்துக்கு ஒரே ஒரு கொத்துதாங்க," "நான் பறிச்சதோட ஐஸ்பெட்டியில வச்சிருக்கேன், இன்னும் எடுக்கல" என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. தாளிப்பில் நாலு இலை, அதையும் ஒதுக்கி வைத்தார்கள். கோவிந்தன் சொன்னது அந்த அளவுக்குச் சரிதான்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சரோஜா அக்காவின் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அது. கால்வாய்த் தண்ணீர் யார் வாசலில் தேங்குகிறது என்று தொடங்கிய சண்டையில் இரண்டு பேருக்கும் வருடக் கணக்காகப் பேச்சு கிடையாது. அவள் சரோஜா அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"என் வீட்டுக்காரருக்குச் சக்கர. தெனம் காலையில நடக்கப் போவாரு. எங்கயோ கறிவேப்பில ஒடிச்சி ஒரு கை நெறைய பச்சையா மென்னுட்டுத்தான் வருவாரு. எந்த மரம்னு நான் கேட்டதில்ல."

"இப்ப எங்க இருக்காரு?"

"வீட்டுல படுத்திருக்காரு. காலையிலேர்ந்து ஒரே வேர்வ, வாந்தி. வாயில எச்சி ஊத்துது. சக்கர எறங்கிருச்சின்னு சீனித் தண்ணி கரைச்சிக் குடுத்திட்டு, அவரு பேருல அர்ச்சன பண்ண வந்தேன்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குத் தான் என்ன சொல்கிறோம் என்பது புரிந்துவிட்டது. கையிலிருந்த அர்ச்சனைத் தட்டு நழுவி விழுந்தது. தேங்காய் உருண்டு போனதை யாரும் எடுக்கவில்லை.

கோவிந்தன் காய்கறி ஏற்றிவந்த வேனை எடுத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புஷ்பத்தின் கணவர் ராமையா கூடத்தில் பாயில் கிடந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார்கள். அதன் பையில் இலை உருவின வெறும் ஈர்க்குகள் துருத்திக்கொண்டிருந்தன. உடம்பு தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி இருந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. கண்ணின் கருமணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது. காட்டில் ஒருவரை அப்படிப் பார்த்திருக்கிறேன். அவர் பிழைக்கவில்லை. அதைப் புஷ்பத்திடம் சொல்லவில்லை.

வேனில் போகும்போதே முருகனுக்குப் போன் போடச் சொன்னேன். ஆசுபத்திரியில் முதலில் என்ன மருந்து என்றுதான் கேட்பார்கள். சரோஜா அக்கா எண்ணை அழுத்தினார். நான் வாங்கிப் பேசினேன்.

"யாரு? மருந்தடிக்கிற அண்ணனா? எப்பிடிண்ணே நம்ம வேல? பூச்சி இருக்கா?" பின்னால் டிராக்டர் சத்தம். "அக்காகிட்ட சொல்லுங்க, ஒரு பூச்சி தலகாட்டாது."

"முருகா, அந்த டின்னப் படம் புடிச்சி இப்பவே அனுப்புங்க. பேரு தெரியணும். பக்கத்து வீட்டு ராமையா அந்த எலையத் தின்னுட்டாரு. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறோம்."

டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது.

"முருகா!"

"அனுப்பறேண்ணே," என்றான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. படம் உடனே வந்தது. டின்னைப் பிடித்திருந்த கை ஆடியதால் எழுத்து கலங்கியிருந்தது. அவனே அதைக் கண்டுபிடித்து இன்னொன்று அனுப்பினான்.

அவசரப் பிரிவில் ஒரு மலாய்க்கார டாக்டர், சின்ன வயதுப் பெண். கறிவேப்பிலை என்றதும் முதலில் நெற்றியைச் சுருக்கினார். படத்தைக் காட்டியதும் மறு கேள்வி கேட்கவில்லை. ராமையாவின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். கதவு மூடிக்கொண்டது. மருந்தின் பெயர் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று பிறகு வந்து சொன்னார். இன்றும் நாளையும் தாண்ட வேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே நீள பெஞ்சில் இந்த முனையில் சரோஜா அக்கா, அந்த முனையில் புஷ்பம். நடுவில் நான். இரண்டு பேரும் அழவில்லை. ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பவும் இல்லை.

சாயங்காலம் முருகன் வந்தான். பாகான் டத்தோவிலிருந்து மோட்டாரிலேயே, காட்டு வேலை உடுப்போடு. உள்ளே வரவில்லை. வாசல் தூணருகில் நின்றான். நான் எழுந்து போனேன்.

"அண்ணே, ஊசி போட்ட மரத்துல கொஞ்ச நாளைக்கு பழக்குலை வெட்டக்கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அது எனக்குத் தெரியும். பழத்துக்குத்தான் எல்லாக் கணக்கும்." கையை விரித்துக் காட்டினான். "இந்த மரத்துல பழம் இல்லையேன்னு நெனச்சிட்டேன். ஓலைய யாருண்ணே திங்கறா?"

அவனை அடிக்கவேண்டும் என்று வந்தவன் நான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். பதினைந்து வயதிலிருந்து பனைக்கு ஊசி போடுகிறவன். ஓலை அவனுக்குப் புழுவின் சாப்பாடு. தெரியாமல் செய்தவன் இல்லை அவன். ஒரு மரத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்து, அந்த அறிவை அப்படியே இன்னொரு மரத்தில் கொண்டுபோய் ஊற்றினான். நாம் எல்லோரும் இதற்கு ஒரு அடி தள்ளித்தான் நிற்கிறோம். ஒரு வீட்டுச் செடிக்கு மருந்து எடுக்கும் முன்னால், இதை யார் தின்கிறார்கள், எந்தப் பாகத்தைத் தின்கிறார்கள், வேலிக்கு வெளியே யார் கை நீளுகிறது என்று வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அசட்டுக் கேள்வி என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ராமையா பிழைத்தார். பேச்சு வந்ததும் அவர் புஷ்பத்திடம் கேட்ட முதல் கேள்வி, "சக்கர எறங்கிடுச்சா?" என்பதுதானாம். அவள் சிரித்தாளா, அழுதாளா என்று தாதிக்கே தெரியவில்லையாம்.

ஆசுபத்திரி தகவல் கொடுத்து அதிகாரிகள் வந்தார்கள். முருகனிடம் மிச்சமிருந்ததை எடுத்துப்போனார்கள், அவனை விசாரித்தார்கள். மரத்தை வெட்டி, இலையோடு மூட்டை கட்டி, தாங்கள் அனுப்பும் லாரியில் ஏற்றவேண்டும் என்றார்கள். எரிக்கக்கூடாது, குப்பையில் போடக்கூடாது. கையுறை போட்டுக்கொண்டு முருகனே அறுத்தான். நான் கீழே நின்று சாக்கில் அடைத்தேன். புஷ்பம் தன் வீட்டுக் கேட்டுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாலைப் பக்கக் கிளை பெரியது. அது அறுந்து கேட்டுக்கு வெளியே விழுந்தது. நான் இன்னொரு சாக்கு எடுக்க உள்ளே திரும்பினேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு மோட்டார் வந்து நின்றது. வேறு தெரு ஆள், கூடையில் தேங்காயும் கீரைக்கட்டும்.

"வெட்டறீங்களா? ஐயோ, எவ்வளோ நல்ல எலைலா இது!" என்று ஒரு கிளையை முறித்துக் கூடையில் செருகிக்கொண்டு, நன்றி சொல்வது போல் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

சாக்கோடு நான் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முருகன் ஏணியில் ரம்பத்தோடு சிலையாக நின்றான். சரோஜா அக்கா படியிலிருந்து இறங்கியதை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார். "நில்லுப்பா! நஞ்சு! நஞ்சுப்பா!"

அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது.

பக்கத்துக் கேட்டுக்குள்ளிருந்து புஷ்பம் எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "லெஃப்ட்லக்கா! கடப் பக்கம் திரும்பிட்டான்! அங்கதான் நிப்பான், ஓடுங்க!"

நான் என் மோட்டாரை உதைத்துக் கிளப்புவதற்குள் அவர் முனையில் திரும்பி மறைந்துவிட்டார். நானும் பின்னால் போனேன். பாதி வழியிலேயே எதிரில் வந்துகொண்டிருந்தார். உடம்பில் படாமல் கையை நீட்டிக் கிளையைப் பிடித்திருந்தார். சேலை முந்தானை தரையில் இழுபட்டது. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

"ஏறுங்கக்கா," என்றேன்.

ஏறவில்லை. மூச்சு வாங்கியது. கிளையை எண்ணுகிற மாதிரி மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"மொதல்ல சாக்கக் கொண்டாங்கண்ணே."